சொந்த ஊர் என்று ஒரு கட்டம்

சிதம்பரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரிசில்லா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். கடலூரில் நீயும் சார்லஸ் மாமாவும் சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் இந்தப் பனியில் கொஞ்சம் ஜாஸ்தி.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? அம்மா உத்தரவு. கிறிஸ்துமஸ் அன்று போனில் நாம் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு, "இனிமே ரெண்டு பேரும் எழுதித் தொலைங்கடி. எழுதுறப்பவாவது நடுவுல மூச்சு வாங்குவீங்க" என்றார்.

இப்போது விஷயம். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர்கள் கடலோரமாகவே வந்து, நம் கரையையும் தாண்டி, ஆஸ்திரேலியா வரைக்கும் போனார்கள் என்று ஒரு கருத்து உண்டு. ஐம்பதாயிரம் வருஷத்துக்கும் முந்தைய கதை. கடல் அப்போது இறங்கிக் கிடந்தது. ஆனாலும் கடைசியில் தண்ணீரைத் தாண்டித்தான் ஆகவேண்டும். எதற்கு அவ்வளவு பாடுபட்டுப் போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வழியில் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் நம் கரையில் இருக்கிறார்களா என்று தேடுவதுதான் என் ஆராய்ச்சி. தாயிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் இறங்குகிற மரபணுவைப் பார்க்க வேண்டும். அதற்கு எச்சில் போதும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து தேவனாம்பட்டினம் வரை நூறு பெண்களிடமாவது எச்சில் வாங்க வேண்டும். நான் போனால் "யாரு நீ" என்று முறைக்கிறார்கள். உனக்கு அந்தப் பக்கம் ஆள் பழக்கம் உண்டு. கம்பெனி லேபில் வேலை செய்கிற சுத்தமும் உண்டு. சனிக்கிழமைகளில் போவாயா? இது நல்லபடியாக முடிந்தால், எங்கள் பேராசிரியர் ஆனந்தநடராஜன் ஜூன் மாதத்தில் ஒருவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவார். இரண்டு வருஷம். வரிசையில் நிற்பது நானும் சத்யநாராயணன் என்கிற சீனியரும்தான்.

டப்பாவில் குழாய்களும் படிவங்களும் இருக்கின்றன. பெயர், வயது, சொந்த ஊர், போன் நம்பர், கையெழுத்து. அவ்வளவுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரிசி


கடலூர்
19 ஜனவரி 2025

பிரிசிக்கு ஆசீர்வாதம்.

இங்கே இருவரும் சுகம். மாமா நைட் ஷிஃப்ட், நான் காலை ஷிஃப்ட். செம்மங்குப்பம் கம்பெனி கேட்டில் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் போடச் சொல்.

அப்படியா சேதி! எச்சில் பிடிக்க அக்கா, ஆஸ்திரேலியா போகத் தங்கச்சி. நல்லா இருக்குடி உன் நியாயம்.

நீ பத்தாவது படிக்கும்போது இந்தக் கடலோர வழியைப் படம் போட்டுக் காட்டியவள் யார்? எம்.எஸ்சி. விலங்கியலில் முதலாவதாக வந்தவள் யார்? பதினாலு வருஷத்துக்கு முன்னால், நீ இப்போது நடக்கிற அதே வராந்தாவில் ஆராய்ச்சி இடம் எனக்குத்தான் கிடைத்தது. நடுவில் கல்யாணம் வந்துவிட்டது. நான் இதுவரை குடிபெயர்ந்த தூரம் சிதம்பரத்திலிருந்து கடலூர். ஒரு பஸ் டிக்கெட்.

வயிறு எரிகிறதா என்று கேட்காதே. எரிகிறது. ஆனாலும் போகிறேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்டாய்.

அம்மாவுக்கு என் முத்தம்.
ஜான்சி


கடலூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரிசி,

சுகமா? இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. நடந்து நடந்து என் கால்தான் வீங்கிப்போனது, மற்றபடி சுகம்.

டப்பா வருகிறது. நாற்பத்தொரு குழாய்கள். பரங்கிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மாரியம்மாள் என்று ஒரு அம்மா, கூடை வைத்து விற்கிறவள். குழாயைக் காட்டியதும், "ஆத்தாடி, என் எச்சிய எடுத்துக்கினு போயி எங்க வச்சி மந்திரிக்கப் போறீங்க?" என்று கத்தினாள். சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு குழாயில் நானே துப்பிக் காட்டினேன். அந்தக் கோடு வரைக்கும் நிரப்புவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நான் திணறுவதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. "புளியங்காய நெனச்சிக்கோ பாப்பா, தானா ஊறும்" என்றாள். அப்புறம் என்ன, வரிசையில் நின்றார்கள். போன இடமெல்லாம் புளியங்காய்தான் எனக்குக் கை கொடுத்தது.

படிவம் நீ கேட்டபடி நிரப்பியிருக்கிறது. சொந்த ஊர் என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை எழுதினேன். மாரியம்மாள் சொல்லும்போது அவள் மாமியார் பின்னாலேயே நின்றிருந்தார். வேறெதுவும் நீ கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


சிதம்பரம்
16 பிப்ரவரி 2025

என் தங்க அக்காவுக்கு,

கோடி ஸ்தோத்திரம்! நாங்கள் நலம், நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. நாற்பத்தொன்றில் ஒன்றுகூடக் கெடவில்லை! பேராசிரியர் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். எப்படி இவ்வளவு சுத்தமாக எடுத்தாய் என்று கேட்டார்கள். புளியங்காய் யோசனையைச் சொன்னேன். ஒரே கைதட்டல். சத்யநாராயணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், சந்தோஷப்படுவாய். ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் எடுத்துப்போன மரபணு வகைகளும் கொஞ்சம். தூரம் போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. அங்கேயே இருந்துவிட்டவர்களிடம்தான் உலகத்திலேயே வகை ஜாஸ்தி. அதனால் இருந்த இடத்தில் இருப்பதில் ஒன்றும் குறைச்சல் இல்லை அக்கா. படிக்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

அம்மா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆஸ்திரேலியா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

உன்
பிரிசி


கடலூர்
2 மார்ச் 2025

பிரிசில்லாவுக்கு,

சுகம். சுகம்தானே?

எனக்கு ஆறுதல் பரிசு கொடுக்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. "இருந்த இடத்தில் இருப்பதில் குறைச்சல் இல்லை" என்று, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறவள் சொல்லக் கூடாது. பிளேனில் ஏறப் போகிறவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவளுக்குச் சொல்கிற சமாதானமா இது?

இன்னொன்று. புளியங்காய் யோசனையைச் "சொன்னேன்" என்று எழுதியிருக்கிறாய். கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் யோசனை என்று சொன்னாயா? வெயிலில் மீன் கூடைக்கு நடுவில் உட்கார்ந்து துப்பியது யார் என்று சொன்னாயா?

மனிதன் ஏன் கிளம்பினான் என்று யாருக்கும் தெரியாது என்றாயே, எனக்குத் தெரியும். மழை இல்லை, இரை இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதுவார்கள். அதெல்லாம் இருக்கட்டும். ஒரு முகத்துவாரத்தில் அக்காவும் தங்கச்சியும் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சிக்கு நாலு நண்டு ஜாஸ்தி மாட்டியது. அம்மாக்காரி எல்லாரிடமும் சின்னவளைக் காட்டிக் காட்டிப் பேசினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அடுத்த முகத்துவாரத்துக்கு நடந்துவிட்டாள். அங்கே அவளுக்கும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இப்படித்தான் போயிருக்கும் ஆஸ்திரேலியா வரைக்கும். இதைப் போய் உன் பேராசிரியரிடம் சொல். கைதட்டுகிறாரா பார்க்கலாம்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.
ஜான்சி


சிதம்பரம்
9 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

என் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போயாச்சு அக்கா! பேராசிரியர் நேற்று கையெழுத்துப் போட்டார். சாம்பிள் சுத்தம், எண்ணிக்கையும் ஜாஸ்தி என்று காரணம் எழுதியிருக்கிறார். முடிவுகள் வந்து வரைபடம் ஒத்துப்போனால் ஜூன் கடைசியில் பயணம். பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்தேன், கண் மூடி இருக்கிறது. அம்மா அந்த இரண்டு வருஷம் உன்னோடு இருக்கட்டும், சரியா?

மீதிக் குழாய்களைச் சீக்கிரம் அனுப்பிவிடு.

அவசரத்தில்,
பிரிசி


கடலூர்
16 மார்ச் 2025

பிரிசில்லாவுக்கு,

எல்லோரும் சுகம். வாழ்த்துகள்.

கடைசி டப்பா வருகிறது. மொத்தம் நூற்றுப் பதினாலு பேர். அம்மா வரட்டும், மாடி அறையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜான்சி


சிதம்பரம்
23 ஏப்ரல் 2025

அக்கா,

ஈஸ்டர் ஆராதனைக்குக்கூட நான் போகவில்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

முடிவுகள் வந்துவிட்டன. ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போல எல்லாத் தாய்வழியும் கலந்து கிடக்கிறது. பரங்கிப்பேட்டை சொந்த ஊர் என்று எழுதின மாரியம்மாளுக்கும், தேவனாம்பட்டினம் சொந்த ஊர் என்று எழுதின மங்கலம் என்கிற பெண்ணுக்கும் அச்சு அசலாக ஒரே வழி. பேராசிரியர் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர்கள் கூடப் பிறந்த அக்கா தங்கை! இரண்டு பேரும் பிறந்தது புதுக்குப்பத்தில்.

எல்லோரும் புருஷன் ஊரை எழுதியிருக்கிறார்கள் அக்கா. நூற்றுப் பதினாலு பேரும். நான் தேடுவது தாயின் வழி, படிவத்தில் இருப்பது மாமியார் வீட்டு விலாசம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

பேராசிரியர் சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மே கடைசிக்குள் சரி செய்யாவிட்டால் எல்லாம் போச்சு.

உனக்கு இது தோன்றவே இல்லையா?

பிரிசி


கடலூர்
27 ஏப்ரல் 2025

பிரிசி,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

தோன்றியது. முதல் நாளே தெரியும். கல்யாணம் ஆனவளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் புருஷன் ஊரைத்தான் சொல்லுவாள். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறந்த ஊரைச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. நானே சர்ச் பதிவேட்டில் மங்கலம்பேட்டை என்றுதான் எழுதுகிறேன். மாமாவின் தாத்தா ஊர். நான் அங்கே நாலு தடவை போயிருக்கிறேன், நாலும் சாவுக்கு.

மாமியார் நகர்ந்ததும் மாரியம்மாள் என் காதில் சொன்னாள். "நா பொறந்தது புதுக்குப்பம் பாப்பா. அதையும் எழுதிக்கிறியா?" கேட்டுவிட்டுப் பேனாவை மூடினேன். எழுதவில்லை.

நீ ஒரு தடவையாவது, "அக்கா, படிவம் சரியா, பார்த்துச் சொல்லு" என்று என்னைக் கேட்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை. எச்சில் மட்டும் கேட்டாய். அது ஒரு பாதி. இன்னொரு பாதியையும் சொல்லிவிடுகிறேன். நீ தோற்க வேண்டும் என்றும் இருந்தது.

கல்யாணத்தால் படிப்பு நின்றது என்று இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேனே, அதுவும் பொய். மாமா "படி ஜான்சி, நா பாத்துக்கிறேன்" என்றுதான் சொன்னார். முதல் கருத்தரங்கில் மேடையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கி ஓடியவள் திரும்பிப் போகவே இல்லை. நான் ஓடிய வராந்தாவில் நீ கைவீசி நடக்கிறாய். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நாளை முதல் லீவு போட்டிருக்கிறேன். நூற்றுப் பதினாலு பேரையும் திரும்பப் பார்க்கிறேன்.

ஜான்சி


கடலூர்
25 மே 2025

பிரிசி,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று தெரியும். அம்மா நலமா என்று மட்டும் அம்மாவிடமே போனில் கேட்டுக்கொண்டேன்.

நூற்றுப் பதினாலு புதுப் படிவங்கள் இதோடு இருக்கின்றன. நீ எங்கே பிறந்தாய், உன் அம்மா எங்கே பிறந்தாள், அவளைப் பெற்றவள் எங்கே பிறந்தாள், யார் எந்த வயதில் எந்த ஊருக்குப் போனார்கள். இதுதான் கேள்வி. இந்த முறை மாமியார்களை முதலில் உட்காரவைத்து அவர்கள் கதையைக் கேட்டேன். அவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே? தங்கள் ஊர்ப் பேரைச் சொன்ன பிறகு மருமகளைச் சொல்ல விடுகிறார்கள். ஒரு கிழவி, "எங்க ஊரு கெணத்துத் தண்ணி கல்கண்டு, இவ ஊரு மாரி உப்பு கெடையாது" என்று மருமகளோடு சண்டைக்கே போய்விட்டாள்.

பெற்றவளைப் பெற்றவள் ஊர்ப் பேர் ஒருத்திக்கு வரவே இல்லை. "இரு, வாயிலயே கெடக்குது" என்று அரை மணி நேரம் முட்டிக்கொண்டாள். நான் பஸ் ஏறியதும் ஓடிவந்து ஜன்னலைத் தட்டிச் சொன்னாள்.

பிறந்த ஊரிலேயே இருக்கிறவர்கள் பதினொரு பேர். மற்ற நூற்று மூன்று பேரும் கிளம்பி வந்தவர்கள். ஆண்கள் பிறந்த இடத்திலேயே வலை காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

ஜான்சி


சிதம்பரம்
3 ஜூன் 2025

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

படிவங்கள் மே மாதத்துக்குள் வந்து சேர்ந்தன. புது வரைபடம் ஒத்துப்போகிறது. பழைய வழி ஒன்று நம் கரையில் இருப்பது போலத் தெரிகிறது, இன்னும் சோதிக்க வேண்டும். பேராசிரியர் உன் படிவத்தை ஒரு மணி நேரம் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணும் கட்டிக்கொடுத்த ஊருக்கு நகர்ந்தால் போதும், தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம், இருபத்தைந்து கிலோமீட்டர் என்றாலும் பத்தாயிரம் வருஷத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டார். "கண்டம் தாண்டினவங்க பெருசா எதுவும் நெனச்சிருக்க மாட்டாங்கம்மா, அடுத்த ஊருக்குத்தான் போயிருப்பாங்க" என்றார்.

அந்தப் படிவத்தை எழுதியவருக்கு இரண்டு வருஷத்துக்குக் களப் பொறுப்பாளர் வேலை கொடுக்கிறார். கடிதம் இதோடு இருக்கிறது. உன் பேர் போட்டு.

ஆஸ்திரேலியாவுக்கு சத்யநாராயணன் போகிறார். களத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்லாத ஆளைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று என் பேரை எடுத்துவிட்டார். தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சத்யநாராயணனுக்கே முழுச் சந்தோஷம் இல்லை, அவர் மனைவி பிரீதாவுக்கு ஆகஸ்டில் பிரசவம்.

நீ ஏப்ரலில் எழுதிய கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. புளியங்காய் யார் யோசனை என்று அப்போது நான் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள். உன் படிவத்தைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தபோது எனக்கு எரிந்த எரிச்சல் இருக்கிறதே! இதைத்தான் நீ பதினாலு வருஷமாக வைத்துக்கொண்டிருந்தாயா?

வேலைக்கு வா. வீட்டில் உன் அறை காலியாகத்தான் இருக்கிறது.

பிரிசில்லா


சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட்
9 ஜூன் 2025

என் பிரிசிக்கு,

உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அவர் மூட்டுவலி தேவலையா?

வேலைக் கடிதத்தை நாலு நாள் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எடுத்து எடுத்துப் படித்தேன். என் பேர் அச்சில் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? மாமாவுக்கு மட்டும் காட்டினேன். "போ ஜான்சி" என்றார். நீ என்ன எழுதிக் கொடுத்தாய் என்பதையும் சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இன்று காலை பேராசிரியரைப் பார்த்தேன். நீ லேபில் இருந்தாய், வேண்டுமென்றேதான் உன்னிடம் வரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். படிவத்தில் தப்பு இருந்தது, அது முதல் நாளே எனக்குத் தெரியும், தங்கச்சி மேல் இருந்த பொறாமையில் வாயை மூடிக்கொண்டேன், முதல் டப்பாவிலேயே சரியாகியிருக்க வேண்டியதை மூன்று மாதம் ஓடவிட்டேன் என்றேன். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லையடி. பதினாலு வருஷம் கழித்து அந்தக் கட்டடத்தில் நான் பேசிய முதல் பேச்சு இது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "உண்மையச் சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா இனிமே களத்த உங்கள நம்பி விட முடியாது" என்றார். நியாயம்தான். கடிதத்தை மேசையில் வைத்தேன். சத்யநாராயணனைக் கூப்பிட்டு, உனக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் பெருமூச்சு விட்டு, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்" என்றார். உன் பேர் திரும்பப் போகிறது. சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுச் சொல்வார். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்.

நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியே வந்து ஒரு டீ வாங்கினேன், குடிக்க முடியவில்லை. அந்த வேலை என் வேலை. அந்தப் படிவம் என் படிவம். உன் பிளேன் கிளம்பும்போது எனக்கு எரியும். நீ அங்கிருந்து போட்டோ அனுப்புவாய், அப்போதும் எரியும். ஆனால் என்னால் நீ போகாமல் இங்கேயே கிடந்தால் நான் யாரைப் பார்த்து வயிறெரிவது? உன்னைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் எனக்குத் தெரியும். பரிதாபப்படத் தெரியாதுடி, என்னால் முடியாது.

போய்த் தொலை. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா
ஜான்சி